நடுவூரும் நடுவுநிலையும்

சென்ற மாதத்தில் ஒருநாள் மாலை, பல்லாண்டுகளுக்கு முன் என்பால் நன்னூல் கற்ற மாணவி ஒருத்தி, தன் கணவரோடும் இரண்டு வயதுக் குழந்தையோடும் என் இல்லம் வந்தாள். இப்பொழுது அவள் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலே விரிவுரையாளர். கணவரும் விரிவுரையாளரே; ஆயின் அவருக்குக் கடமை வவுனியாப் பல்கலைக்கழகத்தில். முன்னையது திருநெல்வேலியில் உள்ளது. பின்னையது வவுனியா நகரைக் கடந்து, மன்னார் வீதியிற் பம்பைமடுவில் உள்ளது. மணம் முடிந்த நாள்தொட்டு அவள் பெற்றோர் வீட்டிலும் அவர் வாடகை அறையிலுமாகக் காலம் கழித்துவந்தனர். குழந்தை நடக்கத் தொடங்கியபின் இனி ஒரு வீடு வேண்டும் என்னும் எண்ணம் இருவர்க்கும் உறுதியாயிற்று.

“ஐயா, நாங்கள் எங்கை வீடெடுத்து இருக்கிறது? நீங்கள்தான் ஒரு நியாயம் சொல்லவேணும்” என்று அவள் கேட்டாள்.

வினாவோடு விடை ஒன்றையும் அவர்கள் கொண்டே வந்திருந்தனர். கிளிநொச்சியில் ஒரு வீடு வாடகைக்கு உண்டு, அவ்வூர் இரண்டுக்கும் ஏறத்தாழ நடுவில் உள்ளது, அவள் வடக்கே போவாள், அவர் தெற்கே போவார், மாலையில் இருவரும் மீள்வர், ஒருவர்க்கும் குறையில்லை. நடு என்ற சொல்லைக் கேட்டவுடன் தமிழ்ப் பண்டிதனுடைய நெஞ்சம் குளிர்தல் இயல்பே. நடுவு நிலைமைக்கு வள்ளுவர் தனியோர் அதிகாரம் வகுத்ததும், அதிலே துலாக்கோலை உவமை காட்டியதும் என் நினைவுக்கு வந்தன. “நல்ல முடிவு, பிள்ளை, அப்படியே செய்யுங்கள்” என்று சொல்லித் தேநீர் கொடுத்து வழியனுப்பினேன்.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. யான் சொன்னது பிழை என்பது விடியுமுன்னரே தெளிவாயிற்று. அப்பிழையை அவ்விருவரிடமும் நேரிற் சொல்லித் திருத்திக்கொண்டேன். எனினும் இத்தகைய வினா இன்று நம் நாட்டிற் பல இல்லங்களிலே எழுகின்றதாதலின், இவ்வாரம் இப்பகுதியில் அதனையே எழுதத் துணிந்தேன்.

இவ்வினா நம் முன்னோர் அறியாதது. இலங்கைப் பல்கலைக்கழகம் 1942 ஆம் ஆண்டிலே தோன்றியபோது நாட்டுக்கு அஃது ஒன்றே. 1952 இல் அது பேராதனைக்குப் பெயர்ந்த பின்னர், மகாவலிக் கரையிலே ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் உறைவிடங்கள் வளாகத்துள்ளேயே அமைந்தன. கற்பிக்கும் இடமும் வாழும் இடமும் ஒன்றாக இருத்தல் வேண்டும் என்பதே அந்நாளைக் கொள்கை. பின்னர்ப் பல்கலைக்கழகங்கள் பெருகின. 1974 இலே திருநெல்வேலியில் யாழ்ப்பாண வளாகம் தொடங்கியது. 1979 இல் அது தனிப் பல்கலைக்கழகமாயிற்று. அதன் வவுனியா வளாகம் 1997 இல் அமைந்து, 2021 இலே தனிப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. கிளிநொச்சி அறிவியல் நகரிலே பொறியியலும் விவசாயமும் கற்பிக்கப்படுகின்றன. கிழக்கே வந்தாறுமூலையிலும் திருகோணமலையிலும் ஒலுவிலிலும் வளாகங்கள் உள்ளன. கல்வி இவ்வாறு ஊர்தோறும் பரந்தமை நாம் விரும்பிப் பெற்ற பேறு. அப்பேற்றின் பின்னே வந்த நோவுகளுள் ஒன்று, கற்ற இருவர் மணந்தால் அவர்க்குப் பதவி இரண்டு வளாகங்களிற் கிடைத்தல். ஒரு துறையில் எங்கே வெற்றிடம் உண்டோ அங்கேதான் நியமனம். விட்டால் மீண்டும் வாய்ப்பது அரிது.

இன்னொன்றும் நினைவிற் கொள்ளற்பாலது. வன்னியையும் குடாநாட்டையும் இணைக்கும் கண்டி வீதி, 1990 முதல் 2009 வரையுள்ள காலத்திற் பெரும்பகுதி மூடியே கிடந்தது. 2002 முதல் 2006 வரை திறந்திருந்து மறுபடியும் மூடப்பட்டது. கிளாலிக் கடனீரேரியை இரவிலே படகிற் கடந்து குடும்பத்தைக் காணச் சென்ற உத்தியோகத்தர் இன்றும் நம்மிடை உளர். 1956 இல் ஓடத் தொடங்கிய யாழ்தேவி, 2014 ஒக்டோபரிலேதான் யாழ்ப்பாணம்வரை மீண்டு வந்தது. அந்நாளில் எங்கே வாழ்வது என்று ஒருவரும் ஒருவரைக் கேட்டதில்லை. பிரிவு விதிக்கப்பட்டது, ஏற்றுக்கொள்ளப்பட்டது. தெரிந்தெடுக்கும் உரிமை வந்த பின்னரே, சரியாகத் தெரிந்தெடுக்கும் கடமையும் வந்தது. அவ்வுரிமையை அவசரத்தில் வீணாக்கலாகாது.

இனிக் கணக்கைப் பார்ப்போம். யாழ்ப்பாணத்திலிருந்து கிளிநொச்சி ஏறத்தாழ 65 கிலோமீற்றர். அங்கிருந்து வவுனியா ஏறத்தாழ 75. ஆக மொத்தம் 140. பம்பைமடுவுக்குரிய சிறுதொலைவை ஈண்டு விட்டுவிடுகின்றேன். கிளிநொச்சியில் வாழ்ந்தால் அவளுக்கு நாளொன்றுக்குப் போக்கும் வரவுமாக 130, அவருக்கு 150, இருவர்க்குமாக 280. யாழ்ப்பாணத்தில் வாழ்ந்தால் அவளுக்கு வழியில்லை, அவருக்கு 280. வவுனியாவில் வாழ்ந்தால் அவளுக்கு 280. பளையில் இருப்பினும், மாங்குளத்தில் இருப்பினும், கூட்டிப் பார்த்தால் அதே 280. இரண்டு ஊரையும் இணைக்கும் வீதி ஒன்றாயின், அவ்வீதியில் எவ்விடத்தில் வீடெடுத்தாலும் இருவர் நடையின் கூட்டுத்தொகை மாறாது. நடுவூரானது அந்தத் தொகையிலே ஒரு கட்டையையேனும் குறைப்பதில்லை. சரிபாதியாகப் பங்கிடுவது ஒன்றே அது செய்வது.

அங்ஙனமாயின் தொகையைக் குறைப்பது யாது? நாட்களின் எண்ணிக்கை. வாரத்தில் ஐந்து நாளும் இருவரும் சென்று மீண்டால் 1400 கிலோமீற்றர். வீடு ஒரு முனையில் இருக்க, மற்றவர் திங்கள் விடியலிற் சென்று, இரண்டு இரவு அங்கே தங்கி, புதன் மாலை மீள்வாராயின் 280. அஃதாவது ஐந்திலொரு பங்கு. விரிவுரைகளை மூன்று நாளுள் அடக்கக் கால அட்டவணை இடந்தருமாயின் இது நடவாததன்று. வினாத்தாள் திருத்தலும் நூல் கற்றலும் கட்டுரை எழுதலும் வீட்டிலிருந்தே செய்யத்தக்கன. ஆகவே, எங்கே வாழ்வது என்று கேட்குமுன், எத்தனை நாள் போகவேண்டும் என்று கேட்பதே முறை. என்னிடம் வந்தவர்கள் அதனைக் கேட்கவில்லை. யானும் அவர்களை அது கேட்கவில்லை.

நடுவூரில் இன்னுமொரு குறை உண்டு. கிளிநொச்சியைக் குறைகூறுதல் என் கருத்தன்று. போரிலே அழிந்தும் எழுந்து நின்ற ஊர் அது. அங்கே உற்றார் உள்ளவர்க்கு அதனினும் நல்ல ஊர் வேறில்லை. ஆனால் இவ்விருவர்க்கும் அங்கே தொழிலும் இல்லை, உறவும் இல்லை. காலையில் ஒருவர் வடக்கும் ஒருவர் தெற்கும் சென்றபின், காய்ச்சலில் வாடும் குழந்தைக்குத் தாயும் அண்மையில் இல்லை. தந்தையும் அண்மையில் இல்லை. பால்மா முடிந்தாலும், மழை பெய்து முற்றத்தில் வெள்ளம் நின்றாலும், வீட்டுக்காரர் வந்து கூப்பிட்டாலும் மறுமொழி சொல்ல ஆளில்லை. மாலையில் மீளும் இருவரும் களைத்தவர்கள். வீடு ஒருவர் தொழிலுக்கு அருகில் இருக்குமாயின், இருவருள் ஒருவரேனும் பகலிலும் அவ்வூரவராய் இருப்பர். அண்டை அயல் அவரை அறியும். சுமை சமமாகப் பங்கிடப்பட்டது என்ற ஆறுதலுக்காக இருவரும் வீட்டை இழத்தல் அறிவுடைமை ஆகுமா?

வள்ளுவரின் துலாக்கோலை நினைத்து மகிழ்ந்த யான், எங்கள் வளவுக் கிணற்றடித் துலாவை நினைத்திருத்தல் வேண்டும். இயந்திரங்கள் வந்தபின் துலாக்கள் அரியவாயின. எனினும் என் வயதினர் அவற்றைக் கண்டிருப்பர். நீண்ட பனந்துலாவை ஆடுகாலிலே பொருத்துவோர் அதன் நடுவை அளந்து பொருத்துவதில்லை. பருத்த அடி ஒருபுறம் குறுகி நிற்கும். மெலிந்த நுனி மறுபுறம் நீண்டு கொடியையும் பட்டையையும் தாங்கும். பாரம் எங்கே உண்டோ அதற்கேற்பவே சமன்நிலை அமையும். தோட்டத்துக்கு நீரிறைக்கும்போது துலா மிதிப்பவர் அதன்மேல் முன்னும் பின்னும் நடந்து, பட்டை தாழும்போது ஒருவாறும் உயரும்போது ஒருவாறும் பாரத்தை மாற்றுவர். ஓரிடத்தில் அசையாது நின்றால் நீர் வராது. நடுவுநிலை என்பது நாடாவால் அளந்து காணும் நடுவன்று என்று அந்தத் துலா எனக்குச் சொல்லியிருக்கும்.

ஆதலின் வீடு தேடும் இருவரும் வரைபடத்தை விரிக்குமுன் தம் பாரங்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்துப் பார்த்தல் வேண்டும். யாருக்கு வாரத்தில் எத்தனை நாள் விரிவுரை? யாருக்குக் காலை எட்டு மணிக்கே வகுப்பு? யாருடைய பணி ஆய்வுகூடத்தை விட்டு அகலவொண்ணாதது? யாருடைய பணி நூலும் தாளும் இருந்தால் எங்கும் நடப்பது? கருவுற்றவரோ, நோயுற்றவரோ, பாலூட்டுபவரோ உளரா? குழந்தையைப் பார்க்கும் பேரனார் பேர்த்தியார் எவ்வூரினர்? அவர்களையே பார்க்கவேண்டிய காலமும் அணுகிவிட்டதா? கடைசிப் பஸ் தவறினால் இரவு தங்க யாருக்கு இடமுண்டு? இவற்றின் விடைகளை எழுதிக்கொண்டால், வீடு எந்தப் பக்கம் சாயவேண்டும் என்பது பெரும்பாலும் தானே தெரியும். நடுவூர் பொருந்துமிடமும் உண்டு. ஒருவர் திருநெல்வேலியிலும் ஒருவர் அறிவியல் நகரிலும் ஐந்து நாளும் நின்றே ஆகவேண்டும் என்றிருந்து, பெற்றோரும் தென்மராட்சியினராயின், கொடிகாமத்தில் வாழ்தலே நன்று. அங்கே நடுவைத் தந்தது தொலைவு மட்டும் அன்று; உறவும் தந்தது.

இவ்வினாக்களுள் ஒன்றை வேண்டுமென்றே பின்னுக்கு வைத்தேன். வீடு ஒருபக்கம் சாயும்போது, சாய்வது யாருடைய தொழிலின் பக்கம்? நம் குடும்பங்களில் இதற்கு விடை கேட்கப்படாமலே தரப்படுகின்றது. ஆண்மகனின் பதவி வேர். பெண்ணின் பதவி கொழுகொம்பு தேடும் கொடி என்று கொள்ளப்படுகின்றது. இதனைப் பிறர்மேற் குற்றமாக ஏற்றும் தகுதி எனக்கில்லை. என் கதையைச் சொல்லியே ஆகவேண்டும்.

என் மனைவியும் ஆசிரியை. 2010 ஆம் ஆண்டிலே அவளுக்குக் கிளிநொச்சிக்கு அப்பாலுள்ள பாடசாலை ஒன்றுக்கு இடமாற்றம் வந்தது. போர் முடிந்து, மரநிழலிற் பிள்ளைகள் இருந்து படித்த காலம். அங்கே ஆசிரியர் வேண்டப்பட்டனர். அவளும் மனமுவந்து ஏற்றாள். எங்கள் வீடு என் கல்லூரிக்கு அண்மையில், என் தந்தையார் வைத்த மாமர நிழலில், என் நூல்கள் நிறைந்த அலுமாரிகளோடு இருந்தது. விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து, சமைத்து மூடிவைத்து, ஐந்து மணிக்கு அவள் பஸ் ஏறுவாள். மாலை ஐந்துக்கு மேல் மீள்வாள். நான்கு ஆண்டுகள். வீட்டை மாற்றுவோமா என்ற பேச்சு எங்களுக்குள் ஒருநாளும் எழவில்லை. அவள் உடன்பட்டாள் என்றே எண்ணியிருந்தேன். கேளாத ஒன்றுக்கு உடன்பாடு எங்ஙனம் வரும்?

நான்காம் ஆண்டிலே, தமிழ்மொழித் தினப் போட்டிகளுக்கு நடுவராக மூன்று நாள் தொடர்ந்து கிளிநொச்சிக்குச் சென்றுவர நேர்ந்தது. அவளோடு அதே பஸ்ஸிற் சென்றேன். முதல்நாள் ஆனையிறவு வெளியிற் சூரியன் எழுவதைக் கண்டு வியந்தேன். இரண்டாம் நாள் வியப்புக் குறைந்தது. மூன்றாம் நாள் மாலை வீட்டுக்கு வந்து, மறுநாள் வகுப்புக்குரிய நூலைக் கையில் எடுத்து அதே பக்கத்தை மூன்றுமுறை படித்தேன். ஓரெழுத்தும் உள்ளே செல்லவில்லை. அப்பொழுது ஒன்று உறைத்தது. மணமான புதிதிலே என்னோடு இரவிரவாக இலக்கணம் வாதிட்டவள் அவள்; என் உரைப்பிழைகளைத் திருத்தியவள். நான்காண்டாக அவள் ஒரு நூலைத் தொட்டதை யான் காணவில்லை. வயதாகிவிட்டது, ஆர்வம் குறைந்துவிட்டது என்று எண்ணியிருந்தேன். ஆர்வம் குறையவில்லை, அது வீதியிலே செலவாகிவிட்டது. மறுவாரம் இதனை அவளிடம் சொன்னபோது, “இப்பவாவது விளங்கினதே” என்று மட்டும் சொன்னாள். மறு ஆண்டில் இடமாற்றம் கிடைத்தது. இழந்த நான்காண்டின் வாசிப்பை மீட்டுக் கொடுக்க யாராலும் இயலாது.

அகப்பொருள் கற்பிப்பவனுக்கு இது முன்னமே தெரிந்திருத்தல் வேண்டும். தொல்காப்பியர் பிரிவை ஓதல், பகை, தூது எனக் காரணங்காட்டி வகுத்தார். பொருள்வயிற் பிரிவையும் கூறினார். அங்கே பிரிவோன் தலைவன். இல்லத்தில் ஆற்றியிருப்பவள் தலைவி. காலையில் இருவரும் இரு திசையிற் பிரிந்து மாலையில் இருவரும் மீளும் வாழ்க்கைக்கு அவர் காலத்தில் இடமில்லை, அது குறையன்று. ஆயின் கற்பியலில் அவர் சொன்ன ஒன்று இன்றைக்கும் வேண்டியது. கல்வியின்பொருட்டுப் பிரிந்தவன் மூன்றாண்டைக் கடத்தலாகாது. வேந்தன் தொழிலின்பொருட்டுப் பிரிந்தவன் ஓராண்டினுள் மீளவேண்டும் என எல்லை வகுத்தார். பிரிவு வேண்டா என்று அவர் சொல்லவில்லை. எல்லையில்லாத பிரிவு வேண்டா என்றார். எங்கள் நான்காண்டுக்கு எல்லை இருந்ததில்லை. நாளை பார்ப்போம் என்று தொடங்கியது நாளடைவில் வழக்கமாயிற்று. வழக்கம் நியாயம்போலத் தோன்றிற்று.

ஆகவே என் மாணவிக்கும் அவள் கணவருக்கும் யான் திருத்திச் சொன்னது இது. குழந்தை பள்ளி செல்லும்வரை, பாரம் எப்பக்கம் மிகுதியோ அப்பக்கத்தில் வீட்டை வையுங்கள். மற்றவர் போகும் நாட்களைக் குறையுங்கள். இரண்டு இரவு தங்குவதற்கு ஒழுங்கான ஓர் அறையைத் தேடுங்கள். இரவுப் பஸ்ஸிலே திரும்பி வருதலை வீரம் என்று எண்ணாதீர்கள். மூன்றாண்டு முடிந்ததும் இருவரும் மீண்டும் அமர்ந்து பேசுங்கள். அப்பொழுது பாரம் இடம்மாறியிருந்தால் வீடும் மாறட்டும். இம்முறை விட்டுக்கொடுத்தவர் அடுத்த முறை முதலிற் பேசட்டும்.

இருவருடைய விட்டுக்கொடுப்பினால் மட்டும் இது தீராது. வளாகங்களுக்கும் இதிற் பங்குண்டு. வழிநடப்போர் தலைச்சுமையை இறக்கி ஆறுவதற்காக நம் முன்னோர் வீதியோரங்களிற் சுமைதாங்கி கட்டினர். கருவோடு இறந்த பெண்களின் நினைவாகவும் கட்டினர். இன்றைய வழிநடையர்க்குரிய சுமைதாங்கி, வாரத்தில் இரண்டு இரவு தங்குதற்குரிய எளிய விடுதி அறை. தொலைவிலிருந்து வருவோரின் விரிவுரைகளை அடுத்தடுத்த நாட்களில் அமைத்துக் கொடுத்தலும், பணியாளரின் குழந்தைகளுக்கு வளாகத்தின் அருகே ஒரு காப்பகம் வைத்தலும் பெருஞ்செலவுக்குரியன அல்ல. கால அட்டவணை வகுப்பவர் ஒருவர் ஒருநாள் மாலை பொறுமையோடு இருந்தால் அவற்றுள் முதலாவது நிறைவேறும். களைத்த ஆசிரியரின் நட்டம் அவர் வீட்டோடு நிற்பதில்லை. அது வகுப்பறைக்கு வந்து மாணவர் கணக்கிலே எழுதப்படுகின்றது.

அவர்கள் திருநெல்வேலியில், அவள் தாயார் வீட்டுக்கு நான்கு வளவு தள்ளி ஒரு வீடு எடுத்துள்ளனர். கணவருக்கு வகுப்புகள் செவ்வாய் முதல் வியாழன்வரை அமைந்துள்ளன. செவ்வாய் விடியலிற் சென்று வியாழன் மாலை மீள்கின்றார். சென்ற ஞாயிற்றுக்கிழமை மூவரும் வந்திருந்தனர். குழந்தை என் நூலலுமாரியின் அடித்தட்டைக் கலைத்துக்கொண்டிருக்க, நாங்கள் பேசிக்கொண்டிருந்தோம். போகும்போது அவர், “மூன்று வருஷம் முடியேக்கை நீங்கள்தான் ஐயா ஞாபகப்படுத்தவேணும்” என்றார். யான் வாய் திறக்குமுன் என் மனைவி உள்ளிருந்து, “அதை நான் பார்த்துக்கொள்ளுறன், தம்பி” என்று சொன்னாள்.